கை நனைத்த நாள்

போன மாதம் என் மருமகள் என்னுடைய தகரப் பெட்டியைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். ஆதார் அட்டை வேண்டுமாம். மதுரையில் ஒரு டாக்டரிடம் என்னைக் காட்ட நாள் குறித்திருக்கிறார்கள். நான் முன்னறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ‘கிணுங்’ என்று ஒரு சத்தம். ஒரே ஒரு தடவைதான். மடியிலிருந்த கீரையெல்லாம் தரையில் கொட்டிவிட்டது. பதினோரு வருஷமாகப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் போட்டு வைத்திருந்த மணி. மருமகள் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். “இதுதானா அத்தை அது?” என்றாள். எது என்று நான் கேட்கவில்லை. “ஆட்டு மணி. கொண்டுபோய் உள்ள வை” என்று அதட்டிவிட்டேன். குரல் அப்படித்தான் வந்தது, என்ன செய்ய.

எலுமிச்சம்பழ அளவில் ஒரு வெண்கல மணி. விளிம்பில் ஓரிடத்தில் சின்னச் சில்லு பெயர்ந்திருக்கும். மந்தைக்கு முன்னால் போகிற ஆட்டின் கழுத்தில் கட்டுவது. ஆனால் இந்த மணி கடைசியாகக் கிடந்தது ஆட்டின் கழுத்தில் இல்லை. என் மாமனாரின் இடுப்பில். கட்டியவளும் நான்தான், அவிழ்த்தவளும் நான்தான். ஊரில் யாருக்கும் முழுசாகத் தெரியாத அந்த ஒரு நாளை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் இப்போது மறதி வந்துவிட்டது. போன வாரம் பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, எந்த ஊருக்குப் போகக் கிளம்பினோம் என்று தெரியாமல் நாலு பஸ்ஸை விட்டேன். இதுவும் போய்விடுவதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும்.

மாமனார் என்று எழுதினேனே தவிர, வாயில் ஒருநாளும் அப்படி வந்ததில்லை. என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி அவர். மாமா. தாய்மாமன் மகனுக்கே என்னைக் கட்டி வைத்தார்கள். திருச்சுழிப் பக்கம் மானாவாரிக் காட்டு ஊர் எங்களுடையது. மழை பெய்தால் கொத்தமல்லி, பருத்தி. பெய்யாவிட்டால் ஆடுதான் சோறு போட வேண்டும். மாமாவிடம் நாற்பது ஐம்பது ஆடுகள் எப்போதும் இருக்கும். எனக்குக் காது குத்தியபோது அவர் மடியில்தான் உட்கார்ந்திருந்தேனாம். வலி பொறுக்காமல் அவர் தோளைக் கடித்து வைத்தேனாம். எனக்கு நினைவில்லை. அவருக்கு இருந்தது. கல்யாணமாகி வந்த முதல் நாள், “எல்லாரும் தோளைப் பாத்துக்கங்கப்பா, கடிகாரி ஒருத்திய வீட்டுக்குக் கூட்டியாந்துட்டேன்” என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தார்.

நான் வாய்க்காரி. அங்கன்வாடியில் முப்பது பிள்ளைகளை மேய்ப்பவள், வேறு எப்படி இருப்பேன். மாமா அதிகம் பேசமாட்டார். ஆடுகளைப் பற்றி மட்டும்தான் பேசுவார். கருவேலங்காட்டுக்குள் மந்தை புகுந்துவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவர் கண்மாய்க் கரையில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே மந்தை எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மணிச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். “மணி கேக்குற வரைக்கும்தான் தாயி ஆடு நம்ம ஆடு” என்பார். மந்தையை அவர் தலை எண்ணிப் பார்த்து நான் கண்டதில்லை, மணிச் சத்தம் கேட்டால் போதும்.

அத்தை இறந்த மூன்றாம் வருஷம் அவருக்கு அது ஆரம்பித்தது. ஒருநாள் பொழுதடையும் நேரத்தில் பக்கத்து ஊர்க்காரருடைய செம்மறிகளை ஓட்டிக்கொண்டு வந்து நம் கொட்டிலில் அடைத்துவிட்டார். தடுக்கப்போன என் வீட்டுக்காரரைக் கம்பால் அடிக்க வந்துவிட்டார். மாமாவின் சொந்த ஆடுகள் கண்மாய்க்குள் அநாதையாகக் கத்திக்கொண்டு நின்றன. இன்னொரு நாள் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் மறுபடியும் நீட்டி, “ஏன்க்கா, எனக்கு மட்டும் இன்னும் கஞ்சி ஊத்தல?” என்றார். என்னை என் அம்மாவாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் நான் அவருக்கு அக்காதான். அருப்புக்கோட்டையில் காட்டியதற்கு, “வயசாயிருச்சும்மா, தனியா விடாமப் பாத்துக்கங்க” என்றார் டாக்டர். தனியாக விடாமல்! நான் அங்கன்வாடியில், வீட்டுக்காரர் காட்டில், மகன் டவுனில் தறிப்பட்டறையில் மெக்கானிக். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், சுவரா?

ஆடுகளை விற்றுவிட்டோம். அவர் மட்டும் நேரம் தவறவில்லை. காலையில் வெயில் ஏறியதும் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இல்லாத ஆட்டைத் தேடிப் போகிறவருக்கு வழி ஏது, திரும்புவது ஏது. இரண்டு தடவை நரிக்குடி ரோட்டில் லாரிக்காரர்கள் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள். வீட்டுக்காரர் வெளிக்கதவைப் பூட்டிப் பார்த்தார். சாயங்காலம் நான் வந்து திறந்தால், மாமா கதவில் முட்டி முட்டி நெற்றி புடைத்து உட்கார்ந்திருந்தார். நகத்தில் ரத்தம். என்னைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி, “அக்கா, என்னைய ஏன் அடைச்சுப் போட்டீக, நான் என்ன செஞ்சேன்?” என்று கேட்டார். அன்றைக்குத்தான் நான் பூட்டைத் தூக்கிக் கிணற்றில் போட்டேன். அப்படியே கொட்டிலுக்குப் போய், ஆணியில் தொங்கிய அந்த மணியை எடுத்து வந்து அவருடைய அரைஞாண் கயிற்றில், முதுகுப் பக்கமாகக் கட்டிவிட்டேன்.

யோசித்துச் செய்ததில்லை. சத்தம் கேட்டால் ஆள் எங்கே என்று தெரியுமே, அவ்வளவுதான். ஆனால் அது வேறொரு வேலையும் செய்தது. நடக்க நடக்கப் பின்னால் மணி சத்தம் கேட்டதால், மந்தை தன் பின்னால் வருகிறது என்று மாமா நம்பிவிட்டார். ஓட்டமும் நடையுமாகத் தேடி அலைந்தவர் மெதுவாக நடக்க ஆரம்பித்தார். கண்மாய்க் கரை வேப்பமரம் வரைக்கும் போவார், உட்காருவார், உட்கார்ந்தபடியே இடுப்பை அசைத்து மணியை ஒரு தடவை ஒலிக்க விட்டுக்கொள்வார், வெயில் சாய்ந்ததும் ஆடுகளைத் திருப்புகிற மாதிரி நாக்கைச் சொடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். ஊருக்கும் அந்தச் சத்தம் பழகிவிட்டது. ரோட்டுப் பக்கம் மணி கேட்டால் டீக்கடைக்காரர் எழுந்து வந்து, “மாமோய், ஆடு வீட்டுப் பக்கம் திரும்பிருச்சு பாருங்க” என்பார். மாமாவும் திரும்பிவிடுவார். இரண்டு வருஷம் அப்படி ஓடியது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அந்த இரண்டு வருஷமும் வீட்டில் சிரிப்பு இருந்தது.

எல்லாரும் சிரிக்கவில்லை. மாமாவின் மகள், என் நாத்தனார், மல்லாங்கிணற்றில் வாழ்க்கைப்பட்டவர். வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். “எங்கப்பனை ஆடு மாடு கணக்கா மணி கட்டி விட்டுட்டியே, ஒனக்கு மனசு வந்துச்சா?” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப நீங்க கூட்டிட்டுப் போய் மணி இல்லாமப் பாத்துக்கங்க மதினி” என்றேன். அழுகை நின்றுவிட்டது. அந்த வெற்றிக்காக அன்று மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டேன், இல்லையென்று சொல்லமாட்டேன்.

பிறகு மகனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தோம். முப்பது தாண்டிவிட்டது அவனுக்கு. முதலில் வந்த இடம், தண்ணீர் லாரியை எதிர்பார்க்கிற ஊருக்குப் பெண் கொடுக்கமாட்டோம் என்று போனிலேயே முடித்துக்கொண்டது. இரண்டாவது இடம் காரியாபட்டிப் பக்கம். அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடு பார்க்க வந்து இறங்கிய நேரம், மாமா முற்றத்தில் கோவணத்தோடு நின்று நாக்கைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் மணி. வந்தவர்கள் காப்பித் தம்ளரைக் கூடக் கையில் வாங்கவில்லை. “புத்தி பேதலிச்ச ரத்தம், பேரப்புள்ளைக்கும் வரும்ல” என்று பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொண்டு போனார்களாம். அந்தப் பேச்சை ஊர் நன்றாகவே கொண்டுவந்து சேர்த்தது. அந்த வாரம் மகன் சாப்பாட்டை டவுனிலேயே முடித்துக்கொண்டு வந்தான். பெற்ற பிள்ளை எதிரே உட்கார்ந்து சாப்பிடாமல் போனால் ஒரு தாய்க்கு அதைவிட வேறு ஏச்சு வேண்டியதில்லை.

மூன்றாவது இடம்தான் பாளையம்பட்டி. பெண்ணின் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். பெண்ணுக்கும் பையனுக்கும் ஒருவரையொருவர் பார்த்ததும் பிடித்துவிட்டது. வீடு பார்க்க வருவதுதான் பாக்கி. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேச வருகிறவர்கள் காப்பி குடிப்பார்கள், பூவும் வெற்றிலையும் எடுப்பார்கள். சோற்றில் மட்டும் கை வைக்கமாட்டார்கள். ‘கை நனைப்பது’ என்றால் சம்மதம் என்று அர்த்தம். கை நனைக்காமல் போய்விட்டால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது, காரணம் கேட்கக் கூடாது. சாப்பிடுவார்களா மாட்டார்களா என்று தெரியாமலே இருபது பேருக்குச் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

சித்திரை மாதம். விடியும்போதே வெயில் அடித்தது. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், “அப்பாவை என்ன செய்யப் போற?” என்றார். என்ன செய்யப் போறோம் என்று கேட்கவில்லை பாருங்கள். நான் முடிவு செய்துவிட்டிருந்தேன். மகள் வீட்டுக்கு மல்லாங்கிணற்றுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிக்கொள்வது. அவர்கள் கிளம்புகிற வரை கொட்டிலில் உட்கார வைப்பது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள், நான் சொல்லப்போவது ஒரே ஒரு பொய்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மணியின் நாக்கில் துணியைச் சுற்றிப் பார்த்தேன். மாமா அதைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். மூன்று தடவை சுற்றினேன், மூன்று தடவை பிடுங்கினார். வேன் வந்துவிடும் என்ற பதற்றத்தில் மணியையே அவிழ்த்துவிட்டேன். அரிசி டிரம்முக்குள் கையை விட்டு, முழங்கை வரை ஆழத்தில் அதைப் புதைத்தேன்.

கொட்டிலில் சாக்கு விரித்து உட்கார வைத்து, தண்ணீர்ச் சொம்பும் ஒரு தட்டில் இட்லியும் வைத்தேன். அவர் இடுப்பைத் தடவிக்கொண்டே இருந்தார். “அக்கா, மணி எங்க? ஆடு போயிருச்சா?” என்றார். “ஆடெல்லாம் படுத்திருக்கு. நீ சத்தம் போடாம உக்காரு” என்றேன். ஆக, இரண்டு பொய். கதவுக்குப் பதில் இருந்த படலைச் சாத்தி வெளியே கயிற்றால் கட்டினேன். ஐம்பது வருஷமாக அதே படலுக்கு அதே முடிச்சைப் போட்டு அவிழ்த்த கை அவருடையது. உள்ளேயிருந்து விரலை விட்டாலே அவிழ்க்கத் தெரியும். புத்தி மறந்ததைக் கை மறக்காது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

வேனில் எட்டுப் பேர் வந்தார்கள். பெண்ணின் அப்பா நல்ல உயரம், மெதுவான பேச்சு. உட்கார்ந்ததும் முதல் கேள்வியே, “பெரியவுக எங்க?” என்பதுதான். “மக வீட்டுக்குப் போயிருக்காக, மல்லாங்கிணத்துக்கு” என்று நான் வீட்டுக்காரரை முந்திக்கொண்டு சொன்னேன். “அப்படியா? அவுகளையும் ஒரு வார்த்தை பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்” என்றார். நல்லவேளை, மேலே கேட்கவில்லை. பெண்ணின் அத்தை ஒருவர், கண் கொத்திப் பாம்பு. அடுப்படியைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், அரிசி டிரம்மின் மூடியில் கையை ஊன்றிக்கொண்டு நின்று என் அம்மா வழி, அப்பா வழியெல்லாம் விசாரித்தார். அந்தக் கை டிரம்மை விட்டு எடுபடும் வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

பேச்சு நீண்டது. பகல் ஒரு மணி இருக்கும். இலை எடுக்கிற சாக்கில் கொல்லைப்புறம் போனேன். படல் திறந்து கிடந்தது. கயிறு அறுபடவில்லை, அழகாக அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்தது. சாக்கில் ஆள் இல்லை. கம்பும் இல்லை. செருப்பு மட்டும் கிடந்தது. வேலியைத் தாண்டிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய வரை கருவேலங்காடு, மேலே வெள்ளையாக வெயில். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஐயோ, எதைக் கேட்கப் போகிறேன்? மணிதான் அரிசிக்குள் இருக்கிறதே.

அப்போதுதான் உள்ளேயிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சந்தோஷமாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. “ஏய், இலையைப் போடு! கை நனைக்கிறோம்னுட்டாக!” அந்த இடத்தில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. இப்போது கத்தினால் எட்டுப் பேரும் எழுந்து வருவார்கள். மகள் வீட்டுக்குப் போன கிழவர் கொட்டிலிலிருந்து காணாமல் போனார் என்று எப்படிச் சொல்வது? பேச்சு முறியும். மகன் டவுனிலேயே சாப்பிட்டுவிட்டு வருவான், வாழ்நாள் முழுக்க. மாமா எங்கே போகப்போகிறார், வழக்கமான வேப்பமரத்தடிதானே, இரண்டு வருஷமாக அங்கே போய்த் தானே திரும்பி வருகிறவர்தானே, அரை மணி நேரம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதுதான் மூன்றாவது பொய். மணி இருந்ததால்தான் அவர் வேப்பமரத்தோடு நின்றார் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பரிமாறினேன். சாம்பார், கூட்டு, அப்பளம், பாயசம். “ரசம் அருமையா இருக்கு மதினி, இன்னுங்கொஞ்சம் ஊத்துங்க” என்றார் அந்த அத்தை. ஊற்றினேன். சிரித்தேன். பெண்ணின் அப்பா மோர்ச்சோறு வரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டார். பிறகு வெற்றிலை. பிறகு நாள் பார்ப்பது. வேன் தெருமுனை திரும்பும்போது மணி மூன்றாகிவிட்டது. கை கழுவிய ஈரம் முற்றத்தில் காயாமல் இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. “எப்ப?” என்றார். “ஒரு மணிக்கு” என்றேன். செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.

ஊரே தேடியது. வேப்பமரத்தடியில் இல்லை. பார்த்தவர்களெல்லாம், “மணிச் சத்தம் எந்தப் பக்கம் கேட்டுச்சு?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். மணி கட்டியிருக்கவில்லை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. குளிப்பாட்டும்போது அவிழ்த்தேன், கட்ட மறந்துவிட்டேன் என்றேன். விறகு வெட்டுகிற பெண் ஒருத்தி தலையில் கட்டோடு வந்தவள், பேச்சைக் கேட்டதும் கட்டைக் கீழே போட்டுவிட்டாள். “அய்யய்யோ, மத்தியானம் யாரோ ஆட்டைக் கூப்புடுற சத்தம் கேட்டுச்சுக்கா. ரொம்ப நேரமாக் கூப்புட்டாக. மணி கேக்கலையா, அவுகளா இருக்கும்னு நெனைக்கவே இல்ல. எந்த ஊரு ஆட்டுக்காரரோ ஆட்டைத் தொலைச்சுட்டுத் தேடுறாருன்னு நான் பாட்டுக்கு வெட்டிட்டு இருந்துட்டேன்” என்று மாரில் அடித்துக்கொண்டாள். அவள் கையைக் காட்டிய பக்கம் போனார்கள். பொழுது சாய்வதற்குள் கிடைத்துவிட்டார். தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள், வேப்பமரத்திலிருந்து ரொம்பத் தூரம். ஒருக்களித்துப் படுத்திருந்தார். பாதம் இரண்டிலும் முள். உதட்டில் மண். கம்பை விடவில்லை.

கூடப்பிறந்தவளின் மகளாகவும் மருமகளாகவும் நான்தான் அழ வேண்டும். அழுதேன். ஒப்பாரி வைத்தவர்கள், “பெத்த மகளாட்டம் பாத்த புண்ணியவதி” என்று என்னையும் சேர்த்துப் பாடினார்கள். காதைப் பொத்திக்கொண்டு ஓடலாம்போல் இருந்தது. சம்பந்தி வீட்டாருக்குச் சாவு சொல்லிவிட வேண்டும். மகள் வீட்டிலிருந்தவர் எப்படி இங்கே செத்தார்? தன்னந்தனியாகப் பஸ் ஏறி வந்தவர் வழி தெரியாமல் இறங்கிக் கண்மாய்க்குள் போய்விட்டார் என்று சொல்லி அனுப்பினோம். கல்யாணப் பேச்சு கெட்டுவிடக் கூடாதென்று ஊரும் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கு நாத்தனாரும் ஒத்துக்கொள்ள வேண்டுமே. பிணத்தின் கால்மாட்டில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு நான்தான் கேட்டேன். “எங்கப்பன் நாலு வருசமா எங்க வீட்டு வாசப்படி மிதிக்கல. இப்பச் செத்தப்புறம் வந்துட்டுப் போனாருன்னு சொல்லச் சொல்ற. சொல்றேன். எம்மருமகன் நல்லா இருக்கட்டும்” என்றார். சொன்னார். தனியாகப் பஸ் ஏற்றிவிட்டவள் என்ற பழியையும் அவரே சுமந்தார். கருமாதி முடிந்து போனவர், அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. கல்யாணத்துக்கு மண்டபத்தில் வந்து அட்சதை போட்டுவிட்டு, என் கண்ணில் படாமல் கிளம்பிவிட்டார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. நல்ல பெண். என் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்த நாலு மாதமும் முகம் சுளிக்காமல் பார்த்தாள். அவர் போனபின் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு, என்னைப் பாளையம்பட்டிக்குத் தங்களோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் அந்த ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம். நான் அன்றிலிருந்து ரசம் மட்டும் தொட்டதில்லை.

இப்போது என் முறை. உப்பை இரண்டு தடவை போடுகிறேன். அடுப்பை அணைக்க மறக்கிறேன். பேத்தியை அங்கன்வாடியில் படித்த ஏதோ ஒரு பிள்ளையின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். மகன் என்னைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரிந்த பார்வைதான். அவன் அப்பா அவருடைய அப்பாவைப் பார்த்தது. போன ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து வரும்போது வெளிக் கேட்டுக்கு ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு வந்தான். “ஒன் நல்லதுக்குத்தாம்மா” என்றான். நல்லதுக்குத்தான், எனக்குத் தெரியாதா? அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

அந்தப் பூட்டைப் பார்த்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. மறுநாள் மத்தியானம் மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டிரம், படல், கயிறு, இலை, ரசம், எதையும் விடவில்லை. அவள் மடிக்கிற கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, “எங்கப்பாவுக்குத் தெரியும் அத்தை” என்றாள்.

“எது தெரியும்?”

“மணி கட்டியிருந்தது. பொண்ணு குடுக்கப் போற ஊரு டீக்கடையில விசாரிக்காமயா வருவாக? கடைக்காரரு எல்லாத்தையும் சொல்லியிருக்காரு. எங்கத்தை வேண்டவே வேண்டாம்னுச்சாம். அப்பாதான், ‘புத்தி மாறுன மாமனாரை அடைச்சுப் போடாம, மணி கட்டி, ஊரே பாத்துக்கிற மாதிரி வச்சிருக்கு அந்தம்மா. நாளைக்கு நம்ம புள்ளைக்கு ஒண்ணுன்னாலும் அப்படித்தான் பாக்கும்’னு சொல்லிச் சம்மதிக்க வச்சாரு. அன்னைக்கு அவுகளைப் பாக்கணும்னே வந்தாரு. மக வீட்டுக்குப் போயிருக்காகன்னு நீங்க சொன்னதும், சரி, இன்னொரு நாள் பாப்போம்னு கை நனைச்சாரு.”

மணியைக் கேள்விப்பட்டுத்தான் பெண் கொடுக்க வந்திருக்கிறார்கள். நான் அதை அரிசிக்குள் புதைத்துவிட்டு, அந்த அரிசியையே வடித்து அவர்களுக்குப் போட்டிருக்கிறேன். கொல்லைப்புறத்தில் நின்றபோது ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், எட்டுப் பேரும் இலையை விட்டு எழுந்து காட்டுக்குள் ஓடியிருப்பார்கள். பெண்ணின் அப்பா முதல் ஆளாக ஓடியிருப்பார். மாமா தண்ணீர் குடித்துவிட்டு, அக்கா கஞ்சி ஊத்து என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கல்யாணமும் நடந்திருக்கும். பதினோரு வருஷமாக, மகனுடைய வாழ்க்கைக்காகத்தானே என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன். அதுவும் போயிற்று.

“ஒங்கப்பாவுக்குச் சந்தேகம் வரலையா?” என்று கேட்டேன். “எழவு வீட்டுக்கு வந்துட்டுத் திரும்புறப்ப, ‘மணி கட்டி அனுப்பியிருந்தா யாராச்சும் பாத்திருப்பாகளே’ன்னு ஒரு தடவை சொன்னாரு. அப்புறம் அதப்பத்திப் பேசல” என்றாள். மடித்த துணிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று சாயங்காலம் காப்பியை என் கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அது நியாயம்தான்.

இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் நானே பெட்டியைத் திறந்து மணியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். “தாயி, கேட்டைப் பூட்ட வேண்டாம்னு அவன்கிட்டச் சொல்லு. எனக்கு ரொம்ப முத்திப்போச்சுன்னா இதைக் கட்டிவிடு. யாரு வந்தாலும் அவுத்துறாத” என்றேன். என்னென்னமோ பேசுறீகளே, சும்மா இருங்கத்தை என்று சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. “சரி அத்தை” என்றாள். மணியை வாங்கித் துணியைப் பிரித்து, முந்தானையால் துடைத்து, தனக்குக் கை எட்டுகிற உயரத்தில் ஜன்னல் கம்பியில் மாட்டினாள். பிறகு அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த பாலை இறக்கி வைத்தாள்.